பந்திபூர் ஹோம்ஸ்டே: வெளிநாட்டுல எங்க முதல் தீபாவளி, அஞ்சு ராத்திரி

2023 நவம்பர் 11ல இருந்து 16 வரைக்கும் நேபாளத்துல பந்திபூர்ங்கற மலை ஊர்ல ஒரு ஹோம்ஸ்டேல தங்கினோம், நானும் எங்க வீட்டுக்காரரும். மூணு வேளை சாப்பாட்டோட ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 3000 நேபாள ரூபாய், நம்ம காசுக்கு 1875. ஒரு வருஷம் கழிச்சு இப்பதான் எழுத உக்காந்திருக்கேன். பேரும் போன் நம்பரும் போடல, அது அவங்க குடியிருக்கற வீடு, மூணு ரூம் மட்டும்தான் வெளியாளுக்கு விடறாங்க, கேக்காம நம்பர் குடுக்க எனக்கு மனசு வரல. ஆனா அந்த ஊர்ல இப்படி நிறைய வீடு இருக்கு, போறவங்களுக்கு என்ன பாக்கணும் என்ன கேக்கணும்னு தெரியட்டும்.

நாங்க டூரிஸ்ட்டா போகல. இவர் ரிட்டையர்ட் மேத்ஸ் வாத்தியார், நான் ரிட்டையர்ட் ஸ்டாஃப் நர்ஸ், அந்த வருஷம் ஜூலைல ஒரு டிரஸ்ட் மூலமா சித்வன்ல ஒரு கிராமத்துக்கு வாலண்டியரா போயிருந்தோம். இவர் அங்க பத்தாம் கிளாஸ் பசங்களுக்கு எஸ்ஈஈ பரீட்சைக்கு கணக்கு எடுத்தார், நான் ஊர்ல இருக்கற சுகாதார சுயம்சேவிகா அம்மாக்களோட வீடு வீடா போவேன். அவங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், 1988ல ஆரம்பிச்ச திட்டம் அது, நாடு முழுக்க 50,000 பேருக்கு மேல பொம்பளைங்க மாச சம்பளம்னு ஒண்ணு இல்லாம பிள்ளைகளுக்கு விட்டமின் ஏ குடுக்கறது, கர்ப்பிணிகளப் பாக்கறதுன்னு ஓடிக்கிட்டே இருக்காங்க, முப்பது வருஷம் வார்டுல வேலை பாத்த எனக்கே அவங்ககிட்ட கத்துக்க நிறைய இருந்துச்சு.

வேலை இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. தசைன் வந்தப்பதான் தெரிஞ்சுது. அங்க தசைன்தான் பெரிய பண்டிகை, 15 நாள், அந்த வருஷம் அக்டோபர் 15ல கடஸ்தாபனா, அதாவது முதல் நாள், 24ந்தேதி நெத்தியில டீக்கா வைக்கற நாள். ஸ்கூல் லீவு, வீட்டு ஓனர் குடும்பம் கோர்க்காவுக்கு சொந்த ஊருக்குக் கிளம்பிட்டாங்க, நாராயண்கட் பஜார்ல கடை எல்லாம் ஷட்டர் இறக்கிட்டாங்க, பசங்க பட்டம் விடறாங்க, மூங்கில்ல உயரமா ஊஞ்சல் கட்டி ஆடறாங்க, நாங்க ரெண்டு பேரும் வராண்டால உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தோம். கூப்பிடலன்னு சொல்ல மாட்டேன். ஹெட்மாஸ்டர் வீட்ல கூப்பிட்டு நெத்தி நிறைய தயிர் அரிசி டீக்கா வச்சு, காதுல முளைப்பாரி மாதிரி மஞ்சளா ஒரு புல்லு, ஜமரான்னு சொல்வாங்க, அதையும் சொருகி, வயிறு முட்ட சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினாங்க. ஆனா விருந்துக்குப் போன வீட்ல எல்லாரும் அவங்கவங்க ஆளுங்களோட வட்டமா உக்காரும்போது நாம செருப்பு மாட்டிக்கிட்டு கிளம்பற நேரம்னு ஒண்ணு வருதில்ல, அந்த நேரத்தைத்தான் எங்களால தாங்க முடியல. வீட்டுக்கு வந்து இவர் ரேடியோவ போட்டார், நான் ரசம் வச்சேன். தீபாவளிக்கும் இப்படி இருக்க முடியாதுன்னு அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். எங்க சுயம்சேவிகா அம்மா ஒருத்தர்கிட்ட சொன்னேன், அவங்க நேவார், நேபாளத்துல ஒரு இனம், அவங்க தங்கச்சியக் கட்டிக் குடுத்த வீடுதான் இந்த ஹோம்ஸ்டே. போன்லயே பேசி ரூம் சொல்லியாச்சு, அட்வான்ஸ் கேக்கல.

நடுவுல நவம்பர் 3 ராத்திரி 11:47க்கு பூகம்பம். ஜாஜர்கோட் பக்கம் 150 பேருக்கு மேல போயிட்டாங்க. சித்வன்ல எங்க கட்டிலே ஆடுச்சு, நைட்டியோட ரோட்டுக்கு ஓடி வந்து நின்னோம். அதனால பந்திபூர் வீடு பழைய செங்கல் வீடுன்னு கேள்விப்பட்டதும் பயம் வந்துச்சு, போன் பண்ணி நேராவே கேட்டேன், 2015 பூகம்பத்துல என்ன ஆச்சுன்னு. பின் சுவர்ல விரிசல் விட்டுச்சு, அப்புறம் மரச்சட்டம் வச்சு திருப்பிக் கட்டினோம், கீழ் ரூம் வேணும்னா தர்றோம், வாசலுக்கு நாலே எட்டுன்னு மறைக்காம சொன்னாங்க. நீங்களும் எந்த வீட்டுக்குப் போனாலும் இதைக் கேளுங்க, சங்கடப்படாதீங்க.

போற வழி பத்தி. நாராயண்கட்ல இருந்து முக்லிங் 36 கிலோமீட்டர், திரிசூலி ஆத்தோரமா. அங்கிருந்து போக்ரா ரோட்டுல டும்ரே, டும்ரேல இறங்கி ஜீப் பிடிச்சு 8 கிலோமீட்டர் மேல ஏறணும். முக்லிங் தாண்டினா அப்ப ரோடு அகலப்படுத்தற வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு, அந்தப் புழுதி இருக்கே, இறங்கும்போது என் தலைமுடி செம்பட்டையா இருந்துச்சு. மைக்ரோ பஸ்காரர் பண்டிகை நேரம்னு ஒண்ணரை மடங்கு காசு வாங்கினது மட்டுமில்லாம, நடைபாதையில மூங்கில் மோடா போட்டு ஆளை ஏத்திட்டார், இவருக்கு முட்டி வலி, காலை நீட்ட இடமில்லாம மூணு மணி நேரம். இதுக்கும் ஹோம்ஸ்டேக்கும் சம்பந்தமில்ல, ஆனா திஹார், நம்ம தீபாவளி சமயத்துல வர்ற அவங்க பண்டிகை, அந்த நேரத்துல போறவங்க ரெண்டு நாள் முன்னாடியே டிக்கெட் போட்டு வச்சுக்கோங்க.

ஊரு அழகு. சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்துல மலை முகட்டுல உக்காந்திருக்கு, பஜார் தெருவுல வண்டியே விடமாட்டாங்க, கல்லு பாவின தெரு, ரெண்டு பக்கமும் செதுக்கின மர ஜன்னல். பக்தபூர்ல இருந்து வந்த நேவார் வியாபாரிங்க கட்டின ஊராம், 1970கள்ல நெடுஞ்சாலை கீழயே போயிட்டதால வியாபாரம் படுத்துடுச்சு, மாவட்ட ஆபீசும் தமௌலிக்குப் போயிடுச்சு, அதனாலதான் பழைய வீடுங்க இடிபடாம நிக்குதுன்னு வீட்டுக்காரத் தம்பி சொன்னார். காலைல துண்டிகேல் மைதானத்துல நின்னா மச்சபுச்ரே, மனாஸ்லுன்னு பனிமலைங்க எல்லாம் வெள்ளையா வரிசையா தெரியும். சித்த குகைக்கும் எல்லாரும் போறாங்க, எங்களால அவ்வளவு படி இறங்க முடியாதுன்னு விட்டுட்டோம்.

ரூம் சுத்தம். படுக்கை மெத்தை மெலிசு, ரஜாய் கனம், குளிருக்குப் போதும். கதவு நிலை ரொம்பத் தாழ்வு, இவர் முதல் நாளே ரெண்டு தடவை தலையை இடிச்சுக்கிட்டார், உயரமானவங்க ஜாக்கிரதை. மாடிக்கு மரப்படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கு, கயிறு பிடிச்சுத்தான் ஏறணும், வயசானவங்க கீழ் ரூமே கேளுங்க. பாத்ரூம் முற்றத்தைத் தாண்டி. மலை முகட்டு ஊர்ங்கறதால தண்ணி எப்பவும் கஷ்டம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி வெந்நீர் கணக்கு, அதை வந்ததுமே சொல்லிடறாங்க. சாப்பாட்டுல ஒரு குறை, இவர் சுத்த சைவம்னு போன்லயே சொல்லியிருந்தேன், முதல் ராத்திரி பருப்பு சோறோட அவிச்ச முட்டையை வச்சுட்டாங்க, முட்டை அவங்களுக்கு சைவக் கணக்கு போல. சொன்னதும் தட்டையே மாத்திட்டாங்க, அதுக்கப்புறம் அஞ்சு நாளும் ஒரு தப்பு வரல. கடுகெண்ணெய் வாசம் பழக ரெண்டு நாளாகும், குந்த்ருக்னு ஒரு கீரை, புளிக்க வச்சு காய வச்சது, அதுல ஒரு ரசம் மாதிரி வச்சாங்க பாருங்க, காய்ச்சல் வந்த வாய்க்கு அவ்வளவு நல்லாயிருக்கும், ரெண்டு கிண்ணம் வாங்கிக் குடிச்சேன். சேல் ரொட்டின்னு அரிசி மாவுல வளையமா சுட்டு அடுக்கி வச்சிருந்தாங்க, அரிசியை ஊற வச்சு அரைக்கற பக்குவம் நம்ம அதிரசத்துக்குப் பங்காளி.

இப்ப நான் எழுத வந்ததே இனிமேதான். 12ந்தேதி ஞாயித்துக்கிழமை நமக்கு தீபாவளி, அவங்களுக்கு லட்சுமி பூஜை, அந்த வருஷம் நாய் திஹாரும் அதே நாள். ஊர்ல இருந்து நல்லெண்ணெய் ஒரு பாட்டில், லேகியம் ஒரு சின்ன டப்பா, இவருக்கு ஒரு வேட்டி, எனக்கு ஒரு சேலை எல்லாம் எடுத்துட்டுப் போயிருந்தேன். முதல் நாள் ராத்திரி தயங்கித் தயங்கித்தான் வீட்டம்மாகிட்ட சொன்னேன், எங்க வழக்கம், விடியறதுக்கு முன்னாடி எண்ணெய் தேச்சுக் குளிக்கணும், அந்த ஒரு வாளி வெந்நீரை காலைல நாலரைக்கே தர முடியுமான்னு. தண்ணி கஷ்டம் தெரிஞ்ச பிறகு கேக்கவே வாய் வரல. அவங்க ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. நாலு மணிக்கு முற்றத்துல வெளிச்சம் தெரியுதுன்னு எட்டிப் பாத்தா, சால்வையைப் போத்திக்கிட்டு விறகடுப்பு முன்னாடி உக்காந்து ஊதிக்கிட்டு இருக்காங்க, பெரிய அண்டா நிறைய தண்ணி, ஒரு வாளி இல்ல, நாலு வாளி தேறும். அவங்க மாமியார், அஜின்னு கூப்பிடணும், பாட்டின்னு அர்த்தம், எண்பது வயசுக்கு மேல இருக்கும், அவங்களும் எந்திரிச்சு வந்து என் உச்சந்தலையில எண்ணெய் வைக்கறதைப் பாத்துட்டு பாட்டிலை வாங்கி அவங்களே தேய்ச்சு விட்டாங்க. எங்கம்மா போன பிறகு என் தலையில வேற யாரும் எண்ணெய் வச்சதில்ல. குளிச்சு சேலை கட்டிக்கிட்டு அஞ்சரைக்கு மகளுக்கு வீடியோ கால் போட்டா, அங்க இன்னும் அஞ்சேகால், நேபாளத்துல மணி எப்பவும் நம்மூருக்குக் கால் மணி முந்தி. கங்கா ஸ்நானம் ஆச்சான்னு நான்தான் முதல்ல கேட்டேன். 1991ல எங்க தலை தீபாவளி, அதுக்கப்புறம் இவ்வளவு ஆசையா நான் விடிகாலைல எந்திரிச்சதில்ல.

காலைல வீட்டு நாய்க்கு கேந்திப்பூ மாலை, நெத்தியில சிவப்பு டீக்கா, தட்டு நிறைய சோறு. தெருநாய்க்கும் மாலை. சாயங்காலம் லட்சுமி வர்றதுக்கு வாசல்ல இருந்து பூஜை ரூம் வரைக்கும் செம்மண் மெழுகி அரிசி மாவுல சின்னச் சின்ன பாதம் போடறாங்க. நாம கிருஷ்ண ஜெயந்திக்குப் போடற அதே பாதம்! அந்த வீட்டுப் பொண்ணு பதினொண்ணாவது படிக்கறவ குச்சி வச்சுப் போட்டுக்கிட்டு இருந்தா, நான் கையை மடக்கி மாவுல தோச்சு தரையில ஒத்தி, விரலுக்கு அஞ்சு புள்ளி வச்சுக் காமிச்சேன், அவ கத்தின கத்துல பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் வந்துட்டாங்க, அன்னிக்கு அந்த வரிசையில நாலு வாசலுக்கு நான்தான் லட்சுமி பாதம் போட்டேன். பட்டாசுக்கு அங்க தடை, வேட்டுச் சத்தம் ரொம்பக் குறைவு, அதுக்கு பதிலா ராத்திரி பூரா பொண்ணுங்க பைலோன்னு பண்டிகைப் பாட்டு பாடி காசு வசூல் பண்ணிக்கிட்டு வீடு வீடா வர்றாங்க. தூக்கம் லேசா இருக்கறவங்களுக்கு ஒரு மணி வரைக்கும் தூங்க முடியாது. அந்த வருஷம் எங்க தெருவுக்கு வந்த பொண்ணுங்க வசூல்ல பாதியை ஜாஜர்கோட்டுக்குன்னு தனி டப்பால போட்டதைப் பாத்தோம்.

13ந்தேதி பசு பூஜை. சாயங்காலம் அந்தப் பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா, என்னம்மான்னு கேட்டா கவர்மென்ட் டிக்டாக்கைத் தடை பண்ணிடுச்சாம், அன்னிக்குத்தான் அறிவிச்சாங்க, அவ போட்ட லட்சுமி பாத வீடியோ நல்லா ஓடிக்கிட்டு இருந்த நேரம் பாவம்.

14ந்தேதி ம்ஹ பூஜை. நேவார்களுக்கு அன்னிக்கு நேபாள சம்வத் 1144 வருஷப் பிறப்பும் கூட, ந்ஹு தயா பிந்துனான்னு வாழ்த்திக்கறாங்க. ம்ஹன்னா உடம்பு, அவங்கவங்க உடம்புக்கும் உள்ள இருக்கற உயிருக்கும் பண்ற பூஜை. வீட்ல உள்ளவங்க மட்டும் பண்றதுன்னு எனக்குத் தெரியும், அதனால நாங்க சாயங்காலம் வெளியே நடந்துட்டு லேட்டா வர்றோம்னு மதியமே சொல்லிட்டேன். ஹெட்மாஸ்டர் வீட்ல செருப்பு மாட்டின நேரம் எனக்கு மறக்கல. அஜிக்கு அது பிடிக்கல. உக்காருன்னு கையைக் காட்டிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க, வீட்ல உள்ளவங்க அஞ்சு, எங்களைக் காட்டி ஆறு, ஏழு. அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு என்னமோ கேக்கச் சொன்னாங்க. வீட்டம்மா என்கிட்ட வந்து, திதி (அவங்க பாஷையில அக்கா), உங்க வீட்ல வராதவங்க எத்தனை பேருன்னு அஜி கேக்கறாங்கன்னு சொன்னாங்க. எனக்குப் புரியல. ஊர்ல இல்லாதவங்களுக்கும் ஒரு மண்டலம் போடுவோம், கத்தார்ல வேலை பாக்கற எங்க கொழுந்தனுக்குப் போடறோம்ல, அந்த மாதிரின்னாங்க. மக, மருமகன், பேரன், மூணு பேருன்னு சொன்னேன். சொல்லும்போதே தொண்டை அடைச்சுக்கிச்சு.

தரையை மெழுகி வரிசையா போட்டாங்க. மண்டலம்னு அவங்க சொல்றாங்க, எனக்கு அது கோலம். எண்ணெயில வட்டம், அரிசி மாவு, மேல பொரி, பயறு, உளுந்துன்னு சின்னச் சின்ன குமியல், பூ. வரிசைக்கு ரெண்டு முனையிலயும் எமனுக்கும் எமதூதனுக்கும் ஒண்ணு ஒண்ணு. துடைப்பம், முறம், தண்ணிக் குடத்துக்குக் கூட இருந்துச்சு, நாம ஆயுத பூஜைக்கு அரிவாமணைக்குப் பொட்டு வைக்கறோமே அந்த மாதிரி. பேரனோடதை மட்டும் அஜி தன் கையால கொஞ்சம் சின்னதாப் போட்டாங்க. ஒவ்வொருத்தர் முன்னாடியும் நீளமான திரி ஏத்தி வைக்கறாங்க, கழுத்துல நூல் மாலை, கையில நாரத்தங்காய், வால்நட், பழம். அப்புறம் சகுன், முட்டை, மீன், இறைச்சி, உளுந்து வடை, கொஞ்சம் சாராயம்னு கையில தருவாங்க. இவருக்கு மட்டும் வடையும் வாழைப்பழமும் தயிரும் தனியா எடுத்து வச்சிருந்தாங்க, முதல் நாள் முட்டையை அவங்க மறக்கல. முடியற வரைக்கும் வரிசையை விட்டு எந்திரிக்கக் கூடாது. முட்டி வலிக்குதுன்னு பத்து நிமிஷம் சம்மணம் போட மாட்டார் இவர், அன்னிக்கு ஒண்ணரை மணி நேரம் அசையாம உக்காந்திருந்தார். எங்க பக்கத்துல ஆளில்லாத மூணு கோலத்துலயும் திரி எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கடைசியில துடைப்பத்தால மண்டலத்தைக் கூட்டி எடுத்துட்டாங்க. கூட்டறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவை மகளுக்கு அனுப்பினேன், இதுல என்னோடது எதும்மான்னு கேட்டா, இடமிருந்து எட்டாவதுன்னேன்.

மறுநாள் தம்பி பூஜை, நேபாளியில பாய் டீக்கா. வீட்டுக்காரத் தம்பிக்கு அவர் அக்கா தமௌலில இருந்து வந்து ஏழு கலர்ல டீக்கா வச்சாங்க, அடுத்து நீங்களும் திதிதானேன்னு என்னையும் வைக்க விட்டாங்க. மக்மலி பூ மாலை போடணும், அது வாடவே வாடாதாம், கையில வாங்கிப் பாத்தா நம்ம வாடாமல்லி.

பில்லுக்கு வர்றேன். அஞ்சு ராத்திரிக்கு 15,000 ஆகணும், 12,000 தான் வாங்கினாங்க, ம்ஹ பூஜை ராத்திரிக்கு காசு வாங்கக் கூடாதுன்னு அஜி சொல்லிட்டாங்களாம். மேல தர எவ்வளவோ பாத்தோம், வாங்கல, அந்தப் பொண்ணு புக் வாங்கன்னு தனியா குடுத்தோம். அப்ப 100 ரூபாய்க்கு மேல உள்ள இந்திய நோட்டு அங்க எடுக்க முடியாது, நேபாளக் காசு கையில வச்சுக்கோங்க. போற இந்தியர்கள் பாஸ்போர்ட் இல்லன்னா வோட்டர் ஐடி எடுத்துக்கோங்க. திஹார் தேதி வருஷா வருஷம் மாறும், முதல்லயே கேட்டுக்கோங்க. முக்கியமா ஒண்ணு, ம்ஹ பூஜையில உக்கார வைங்கன்னு நீங்களா கேக்காதீங்க, அது பாக்கேஜ்ல வர்ற ஐட்டம் இல்ல. அவங்க கூப்பிட்டா எந்திரிக்காம உக்காருங்க.

தண்ணி, பாத்ரூம், மரப்படிக்கு நான் அஞ்சுக்கு ரெண்டுதான் குடுப்பேன். சாப்பாட்டுக்கு நாலு. வீட்டு ஆளுங்களுக்கு மார்க் போட எனக்கு மனசு வரல.

2024ல எங்க டேர்ம் முடிஞ்சு ஊருக்கு வந்துட்டோம். அந்த வருஷம் ம்ஹ பூஜை நவம்பர் 2. காலைல வீட்டம்மா வாட்ஸப்ல கூப்பிட்டாங்க, பின்னாடி அஜி குரல். திதி, பினாஜுவும் (அக்கா வீட்டுக்காரர்) நீங்களும் இந்தத் தடவை வராதவங்க கணக்குதானே, மகளுக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் சேர்த்து அஞ்சு போடட்டுமான்னு அஜி கேக்கறாங்கன்னு சொன்னாங்க. அஞ்சும் போடச் சொல்லுங்க, பேரன் வளந்துட்டான், அவனோடதைக் கொஞ்சம் பெருசா போடச் சொல்லுங்கன்னு சொன்னேன்.